அக்ரீயபிள் கிரேயா, ரெப்போஸ் கிரேயா? ஒட்டிப்பிறந்த இரண்டு சுவர் நிறங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

பெயிண்ட் கடையில் சிவப்பா நீலமா என்று யாரும் தடுமாறுவதில்லை. தடுமாற்றம் வருவதெல்லாம் வெளிர் சாம்பல், சந்தன வெள்ளை, பழுப்பு கலந்த சாம்பல் போன்ற அடங்கிய நிறங்களில்தான். ஷேட் கார்டில் இரண்டு கட்டங்களும் ஒன்றுபோலவே இருக்கும். ஹாலில் அடித்த பிறகு ஒன்று இளஞ்சிவப்பாகத் தெரியும், இன்னொன்று பூசி முடிக்காத சிமென்ட் சுவர் மாதிரி நிற்கும். மெஷினில் கலந்து வாங்கிய பெயிண்டைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். அதனால் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை முழுவதும் வாங்குவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

உதாரணத்துக்கு, இணையத்தில் வீட்டுப் படங்கள் பார்ப்பவர்களுக்குப் பழக்கமான இரண்டு நிறங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டுமே அமெரிக்காவின் ஷெர்வின் வில்லியம்ஸ் நிறுவனத்துடையவை: அக்ரீயபிள் கிரே (எஸ்.டபிள்யூ. 7029), ரெப்போஸ் கிரே (எஸ்.டபிள்யூ. 7015). இங்கே பலர் இந்தப் படங்களை ஃபோனில் காட்டி "இதே கலர் வேணும்" என்று கேட்கிறார்கள். வேறு நிறுவனத்தின் எந்த இரண்டு ஒத்த நிறங்களை வைத்துக்கொண்டு நீங்கள் யோசித்தாலும் வழிமுறை இதேதான்.

முதலில் எண்களைப் பாருங்கள்

நிறத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் அதன் இரண்டு எண்களைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று எல்.ஆர்.வி. எனப்படும் ஒளி திருப்பும் அளவு. சுவரில் விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதத்தை அந்த நிறம் திருப்பி அனுப்புகிறது என்பதே அது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. மற்றொன்று ஆர்.ஜி.பி., அதாவது சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் எவ்வளவு என்ற கணக்கு.

அக்ரீயபிள் கிரே: எல்.ஆர்.வி. 60, சிவப்பு 209, பச்சை 203, நீலம் 193.
ரெப்போஸ் கிரே: எல்.ஆர்.வி. 58, சிவப்பு 204, பச்சை 201, நீலம் 192.

வெளிச்சத்தில் 2 புள்ளி வித்தியாசம் ஒரு வித்தியாசமே இல்லை. "எது ரூமைப் பெரிசாக் காட்டும்?" என்ற கேள்விக்கு இந்த இரண்டுக்கும் ஒரே பதில்தான். குறைந்தது 5 புள்ளியாவது தள்ளி இருந்தால்தான் அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு.

விஷயம் ஒளிந்திருப்பது மூன்று நிறங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில். சிவப்பிலிருந்து நீலத்தைக் கழித்தால் அக்ரீயபிளில் 16, ரெப்போஸில் 12. இந்த எண் கூடக்கூட நிறம் வெதுவெதுப்பாக, பழுப்பு மஞ்சள் பக்கம் சாயும். அடுத்து சிவப்பிலிருந்து பச்சையைக் கழியுங்கள்: அக்ரீயபிளில் 6, ரெப்போஸில் 3. பெரும்பாலானவர்கள் பார்க்காமல் விடுவது இந்த இரண்டாவது கழித்தலைத்தான். இது பெரிதாக இருந்தால் நிறத்துக்குள் இளஞ்சிவப்புச் சாயல் பதுங்கியிருக்கிறது. சிறிதாக இருந்தால் பச்சைச் சாயல் பதுங்கியிருக்கிறது. தனியே பார்க்கும்போது இரண்டுமே தெரியாது. தரையோ மரமோ பல்போ தூண்டிவிட்டால் வெளியே வந்துவிடும்.

நிறத் தூரத்தை அளக்கும் கணக்கில் போட்டுப் பார்த்தால் இந்த இரண்டுக்கும் இடையே சுமார் 1.6 அலகுதான் வருகிறது. 1-க்குக் கீழே இருந்தால் பயிற்சி பெற்ற கண்ணுக்கும் பிடிபடுவது கடினம். 2-ஐத் தாண்டினால் கூர்ந்து பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆக, இரண்டு நிறங்களும் கண்ணின் எல்லைக்கோட்டில் நிற்கின்றன. இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது முடிவைச் சொல்லப்போவது பெயிண்ட் அல்ல. உங்கள் அறையில் ஏற்கெனவே இருக்கும் பொருட்கள்தான்.

மாதிரிப் பலகை செய்வது

ஷேட் கார்டுக் கட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒன்றரை அங்குலக் கட்டம் பக்கத்துக் கட்டங்களின் பிடியிலேயே இருக்கும். அட்டையில் அச்சாகிய மையும் டப்பாவில் வரும் பெயிண்டும் ஒன்றல்ல. ஃபோன் திரையை அதைவிடவும் நம்ப வேண்டாம்.

பழைய சுவரிலேயே இரண்டு பட்டை இழுத்துப் பார்ப்பதுதான் இங்கே வழக்கம். பெயிண்டரிடம் சொன்னால் அதைத்தான் செய்வார். அதில் இரண்டு சிக்கல்கள். பழைய நிறம் ஒரு கோட்டுக்கு அடியிலிருந்து எட்டிப்பார்க்கும்; சுற்றிலும் இருக்கும் பழைய நிறமும் கண்ணை இழுக்கும். மேலும் சுவரில் அடித்ததை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போக முடியாது. பலகையே சரியான வழி.

தேவையானவை: ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைகளில் கிடைக்கும் 5 மி.மீ. சன் போர்டு, 2 அடிக்கு 2 அடியாக நான்கு துண்டு. மெல்லிய பிளைவுட்டும் சரி. சார்ட் பேப்பர் வேண்டாம், ஈரம் பட்டதும் சுருண்டுகொள்ளும். தண்ணீரில் கலக்கும் வெள்ளை பிரைமர் கொஞ்சம், 4 அங்குல ரோலர் ஒன்று, ஒவ்வொரு நிறத்திலும் 200 மில்லி பெயிண்ட். அவ்வளவு சிறிய மாதிரி டப்பா கிடைக்காத கடையில் 1 லிட்டர் வாங்க வேண்டியிருக்கும். பிறகு அது அலமாரிக்கு உள்பக்கம், ஸ்டோர் ரூம் என்று எங்காவது செலவாகிவிடும்.

1. பலகையின் பளபளப்பு போகும் வரை 180 எண் எமரி பேப்பரால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடையுங்கள்.

2. ஒரு கோட் பிரைமர். காய விடுங்கள்.

3. சுவரில் அடிக்கப்போகும் அதே ரகம், அதே பளபளப்பு கொண்ட எமல்ஷனை ரோலரால் அடியுங்கள். ஒரு நிறத்துக்கு இரண்டு பலகை. பிரஷ்ஷால் அடித்தால் கோடுகள் விழும். அந்தக் கோடுகளின் நிழலே நிறத்தைக் கொஞ்சம் அழுத்தமாகக் காட்டிவிடும்.

4. நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்து இரண்டாவது கோட். ஐப்பசி கார்த்திகை மழை நாட்களில் இன்னும் அதிக நேரம் விடுங்கள்.

5. ஒரு முழு நாள் காய்ந்த பிறகே பார்க்க வேண்டும். எமல்ஷன் ஈரத்தில் பால் கலந்தது போல வெளிறித் தெரிந்து, காய்ந்ததும் ஒரு சாயல் அழுத்தமாகும். டிஸ்டம்பர் இதற்கு நேர் எதிர்: ஈரத்தில் அடர்த்தி, காய்ந்தால் வெளிறல். பெயிண்டர் முதல் கோட் அடிக்கும்போதே "என்னங்க, கலர் மாறிடுச்சே" என்று பதறிப்போய் ஸ்டெயினரை (நிறம் கூட்டும் சாயத்தை) ஊற்றச் சொல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

6. பலகையின் பின்னால் நிறத்தின் பெயர், எண் இரண்டையும் எழுதுங்கள். முன்னால் எழுத வேண்டாம். எது எது என்று தெரியாமல் பார்ப்பதே நல்லது, குறிப்பாக வீட்டில் ஆளுக்கு ஒரு கட்சியாக இருக்கும்போது.

சேர்த்து வைத்துப் பார்ப்பது, பிரித்து வைத்துப் பார்ப்பது

இரண்டு நிறப் பலகைகளையும் ஒட்டி வைத்துக் கூர்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். அக்ரீயபிள் பழுப்பாகவும், ரெப்போஸ் பச்சை கலந்த சாம்பலாகவும் பிரிந்து நிற்கும். ஆனால் இதில் கண்ணின் வேலையும் உண்டு. பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவை நடத்திவந்த வேதியியலாளர் ஷெவ்ரூல் 1839-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்ற புகாரை ஆராய்ந்தவர், குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்திருந்த நிறத்தால்தான் அப்படித் தெரிகிறது என்று கண்டார். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நிறங்களின் வித்தியாசத்தைக் கண் தானாகவே பெரிதாக்கிக்கொள்ளும்.

உங்கள் ஹாலில் இரண்டு நிறங்களும் ஒட்டி இருக்கப்போவதில்லை. ஒன்றுதான் இருக்கும். ஆகவே ஒட்டி வைத்துப் பார்ப்பது சாயலைத் தெரிந்துகொள்ள மட்டும். ஐந்து நிமிடம் போதும். முடிவெடுப்பதற்கு ஒரு நிறத்தை மட்டும் அறையில் வைத்து, மற்றதை வேறு அறையில் மறைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்க அதோடு இருங்கள். மறுநாள் மாற்றுங்கள்.

வைக்கும் விதமும் முக்கியம். ஒரே நிறப் பலகைகள் இரண்டையும் அறையின் மூலையில், இரண்டு சுவரும் சந்திக்கும் இடத்தில் "ட" போலச் சேர்த்து நிறுத்துங்கள். ஒரு பலகையின் வெளிச்சம் மற்றதில் பட்டுத் திரும்பும். நிறம் மூலையில் கொஞ்சம் அழுத்தம் கூடும். நான்கு சுவரும் அடித்த பிறகு அறை முழுவதும் நடக்கப்போவது இதுதான். ஒற்றைப் பலகையில் மென்மையாகத் தெரிந்த நிறம் அறை முழுக்க அடித்ததும் "இவ்வளவு டார்க்கா?" என்று தோன்றுவதற்கு இதுவே காரணம்.

பழைய சுவர் பச்சையோ மஞ்சளோ என்றால், பலகைக்குப் பின்னால் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துத் தொங்கவிடுங்கள். பழைய நிறத்தின் பிடி விடும்.

சாயலைக் கண்டுபிடிக்க ஒரு ஏ4 தாளைப் பக்கத்தில் பிடிக்கச் சொல்வார்கள். அந்த யோசனையில் ஒரு கோளாறு உண்டு. ஜெராக்ஸ் தாளில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்த்திருப்பார்கள். பகல் வெளிச்சத்தில் அது நீலம் கலந்து ஒளிரும். அதன் பக்கத்தில் எந்த அடங்கிய நிறமும் மஞ்சளடித்து அழுக்காகத்தான் தெரியும். அதற்குப் பதிலாக உங்கள் சீலிங்குக்கு அடிக்கப்போகும் வெள்ளையை ஒரு பலகையில் அடித்து அதையே பக்கத்தில் வையுங்கள். கடைசியில் சுவர் பேசப்போவது அந்த வெள்ளையோடுதான். அப்படி வைத்துப் பார்க்கும்போது சாம்பல் அழுக்காகத் தெரிந்தால், சுவர் நிறத்தை மாற்றுவதற்கு முன் சீலிங் வெள்ளையை மாற்ற முடியுமா என்று பாருங்கள். நீலம் கலந்த பளீர் வெள்ளைக்குப் பக்கத்தில் அக்ரீயபிள் கிரே பாவம், எப்போதும் தூசி படிந்ததுபோலவே இருக்கும். துளி மஞ்சள் கலந்த வெள்ளை அதைக் காப்பாற்றும்.

தமிழ்நாட்டு வெயிலுக்குத் தனிக் கணக்கு

"வடக்கு சன்னல் அறைக்கு வெதுவெதுப்பான நிறம், தெற்கு சன்னல் அறைக்குக் குளிர்ந்த நிறம்" என்று வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாவற்றிலும் இருக்கும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மதிய வெயில் ஆண்டு முழுதும் தெற்கிலிருந்தே வருகிறது. வடக்கு சன்னலுக்கு நீல வானத்தின் வெளிச்சம் மட்டும்தான். அங்கே அந்த விதி சரி.

இங்கே அப்படி இல்லை. சென்னை 13 பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து, பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வடக்குப் பக்கமாகவே நிற்கும். கன்னியாகுமரியில் இந்தக் காலம் இன்னும் நீளம். அந்த மாதங்களில் சூரியன் உதிப்பதும் மறைவதும் கூட வடக்கே தள்ளித்தான். வடக்கு சன்னலில் காலையும் மாலையும் சாய்வெயில் அடிக்கும். மார்கழியை ஒட்டிய மாதங்களில் மதிய வெயில் நன்றாகத் தெற்கே சாய்ந்து, தெற்கு அறைக்குள் நீண்டு விழும். எனவே வடக்கு தெற்கு பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. கிழக்கு மேற்குதான் இங்கே கவனிக்க வேண்டியது. மாலை நான்கு மணிக்கு மேல் மேற்கு சன்னல் வழியே வரும் வெயில் மஞ்சளும் செம்மஞ்சளுமாக இருக்கும்; அதில் அக்ரீயபிள் கிரே சந்தன நிறத்துக்கே போய்விடும், ரெப்போஸ் நிதானமாக நிற்கும். கிழக்கு அறை காலையில் தங்கம், மதியத்துக்குப் பிறகு மங்கல். அந்த மங்கலில் ரெப்போஸ் சோகமாகத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் சன்னலுக்கு மேல் சன்ஷேடு இருக்கிறது, பக்கத்து வீடு நான்கைந்து அடி தள்ளி இருக்கிறது. அதனால் பல அறைகளுக்கு வருவது வானத்தின் வெளிச்சமே அல்ல; பக்கத்து வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம். அந்தச் சுவர் ஆரஞ்சு நிறமாக இருந்தால் உங்கள் சாம்பல் சுவரில் ஆரஞ்சு கலக்கும். அக்ரீயபிளின் இளஞ்சிவப்புச் சாயல் அங்கே வெளியே வந்துவிடும். சன்னலுக்கு வெளியே மாமரமோ வாழையோ என்றால் பச்சை உள்ளே வரும். ரெப்போஸ் பாசி பிடித்ததுபோல ஆகும். முதலில் சன்னலுக்கு வெளியே எட்டிப் பாருங்கள்.

பலகையை ஒரு நாளில் நான்கு முறை பார்க்க வேண்டும்: காலை 7 மணிவாக்கில், நண்பகலில், மாலை நான்கரைக்கு, இரவு விளக்கு போட்ட பிறகு. மேகமூட்டமான ஒரு நாளில் இன்னொரு முறை பார்த்தால் இன்னும் நல்லது. வெயில் நாளில் எல்லா நிறமும் அழகாகத்தான் இருக்கும்.

விளக்கு

நம் வீடுகளில் சுவரை மக்கள் உட்கார்ந்து பார்ப்பது பெரும்பாலும் இரவில். இருந்தும் பகலில் பார்த்து நிறம் தேர்ந்தெடுக்கிறோம். இது விநோதம்.

எல்.இ.டி. டியூப், பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் கெல்வின் எண் இருக்கும். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை; கடைகளில் கூல் டேலைட் என்பார்கள், பெரும்பாலான வீடுகளில் இதுதான் எரிகிறது. 4000 நடுத்தரம். 3000, 2700 பழைய குண்டு பல்பின் மஞ்சள்.

6500 வெளிச்சத்தில் ரெப்போஸ் கிரே வெறும் சிமென்ட் பூச்சாகத் தெரியும் ஆபத்து உண்மையானது. "பெயிண்ட் இன்னும் அடிக்கலையா?" என்று வருகிறவர்கள் கேட்கும் வீடுகள் பெரும்பாலும் இந்தக் கூட்டணிதான்: குளிர்ந்த சாம்பல், குளிர்ந்த டியூப். அதே வெளிச்சத்தில் அக்ரீயபிள் தன் பழுப்பை இழந்து நல்ல சாம்பலாக நிற்கும். 3000 வெளிச்சத்தில் கதை தலைகீழ்: அக்ரீயபிள் மஞ்சளடித்துவிடும், ரெப்போஸ் மிக அழகாகப் பழுப்புச் சாம்பலாகும். ஒவ்வொன்றும் தன் குணத்துக்கு எதிரான விளக்கின் கீழேதான் நன்றாக இருக்கிறது. 4000 இரண்டுக்கும் பொருந்தும். புதிதாக விளக்கு மாட்டப்போகிறவர்களுக்கு இதையே பரிந்துரைக்கலாம்.

பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று இன்னொரு எண் இருக்கும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதன் அளவு அது. 80 சாதாரணம், 90-க்கு மேல் நன்று. மலிவான எல்.இ.டி.யில் சிவப்புப் பகுதி குறைவு. முகமும் மரமும் சுவரும் சேர்ந்து வெளிறிப்போகும். நிறத்தில்தான் தவறு என்று எண்ணி மறுபடி பெயிண்ட் அடிப்பதைவிட பல்பை மாற்றிப் பார்ப்பது மலிவு.

தரை, கதவு, கிரானைட்

சன்னல் வெளிச்சம் முதலில் விழுவது தரையில். அங்கிருந்து எழும்பித்தான் சுவரின் கீழ்ப்பாதிக்கு வருகிறது. அதனால் பலகையைக் கண் உயரத்தில் மட்டும் வைக்காமல், தரையில் ஊன்றி வைத்தும் பாருங்கள்.

ரெட் ஆக்சைடு தரை, சிவப்பு கலந்த ஆத்தங்குடிக் கல், செம்மண் நிற டைல்ஸ்: இங்கே அக்ரீயபிள் கிரே கீழ்ப்பக்கம் இளஞ்சிவப்பாகிவிடும். ரெப்போஸின் பச்சைச் சாயல் அந்தச் சிவப்பைச் சரிக்கட்டி நடுநிலையாக நிற்கும். தயக்கமே வேண்டாம், ரெப்போஸ்.

ஐவரி நிற விட்ரிஃபைட் டைல்ஸ்: தமிழ்நாட்டில் மிக அதிகமாகக் காண்பது இதுதான். அந்த ஐவரிக்குள் மஞ்சள் இருக்கிறது. பக்கத்தில் ரெப்போஸை நிறுத்தினால் சுவர் நீலம் பாய்ந்தும் டைல்ஸ் பழசாகி மஞ்சள் பூத்தும் தெரியும். புது டைல்ஸ் போட்ட அடுத்த மாதமே பழசாகத் தெரிந்தால் மனம் கஷ்டப்படும். இங்கே அக்ரீயபிள்.

வெள்ளை மார்பிள் மாதிரி, சாம்பல் ரேகை ஓடும் டைல்ஸ்: ரெப்போஸ். அக்ரீயபிள் இங்கே கொஞ்சம் சேறு கலந்ததுபோல் இருக்கும்.

கடப்பாக் கல், கறுப்பு கிரானைட்: இந்தத் தரைகள் வெளிச்சத்தை விழுங்கிவிடும். சன்னலும் சிறியதாக இருந்தால் இந்த இரண்டு நிறங்களுமே வேண்டாம். எல்.ஆர்.வி. 70-க்கு மேல் போங்கள். இரண்டில் ஒன்றைத்தான் எடுத்தாக வேண்டும் என்ற பிடிவாதம் இந்த இடத்தில் உதவாது.

தேக்குக் கதவும் நிலையும் ஆரஞ்சு கலந்த பழுப்பு. பக்கத்தில் உள்ள சாம்பலை அது நீலத்தை நோக்கித் தள்ளும். ரெப்போஸ் அங்கே எதிர்பார்த்ததைவிடக் குளிர்ச்சியாகத் தெரிவது இதனால்தான். பழைய வீட்டுக் கருந்தேக்கு அவ்வளவு தள்ளாது. புது வார்னிஷ் அடித்த வெளிர்த் தேக்குதான் அதிகம் தள்ளும்.

ஒன்றுக்கு ஒன்று முரணாக வந்தால்? தரை ரெப்போஸ் என்கிறது, டியூப்லைட் அக்ரீயபிள் என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எது மாற்றக் கடினமோ அதன் பேச்சைக் கேளுங்கள். தரையை மாற்ற முடியாது. பக்கத்து வீட்டுச் சுவரை மாற்ற முடியாது. கதவை மாற்றுவது கடினம். சீலிங் வெள்ளை சுலபம். பல்பு மிகச் சுலபம். இந்த வரிசையில் மேலிருந்து கீழே வாருங்கள். தரை சொன்ன ரெப்போஸை அடித்துவிட்டு, 6500 டியூப்பைக் கழற்றி 4000 மாட்டினால் தீர்ந்தது.

ஃபோனில் படமெடுத்து அனுப்பி உறவினரிடம் கருத்துக் கேட்பது முடிவைக் கெடுக்கும். கேமரா வெள்ளையைத் தானாகச் சரிசெய்துகொள்ளும். இரண்டு படத்தில் ஒரே சுவர் இரண்டு நிறமாக வரும். ஒரே படத்தில் இரண்டு பலகையும் இருந்தால் மட்டும் ஒப்பிடலாம்.

கடையில் கவனிக்க வேண்டியது

வேறு நிறுவன நிறத்தை உள்ளூர் நிறுவன பெயிண்டில் கொண்டுவர இரண்டு வழி. ஷேட் கார்டில் நெருக்கமானதைக் கண்ணால் தேடுவது ஒன்று. மாதிரியைக் கடையில் உள்ள நிற அளவுக் கருவியில் வைத்து அளந்து கலப்பது இன்னொன்று. இரண்டாவதில் ஒரு பொறி இருக்கிறது. கருவி எண்ணைப் பொருத்தும், ஆனால் வேறு நிறமிகளைக் கொண்டு பொருத்தும். கடை வெளிச்சத்தில் அச்சாகப் பொருந்தியது வீட்டு எல்.இ.டி.யில் பிரிந்துவிடலாம். அதனால் பொருத்திக் கலந்த பெயிண்டையும் பலகையில் அடித்து, மேலே சொன்ன சோதனைகளை அதன் மீதே செய்ய வேண்டும். அசல் நிறத்தின் எண்கள் அந்தக் கலவைக்குச் செல்லாது. ஃபோன் படத்தைக் காட்டிக் கலக்கச் சொல்வது குருட்டுக் கணக்கு.

ஒரே ஷேட் எண்ணாக இருந்தாலும் பெயிண்ட் ரகம் மாறினால் நிறம் சற்று மாறும். அடிப்படைப் பெயிண்ட்டின் வெண்மை வேறு. மாதிரியை விலை குறைந்த ரகத்தில் பார்த்துவிட்டு சுவருக்கு உயர்ந்த ரகம் வாங்கினால் சோதனையே வீண்.

வெளிர் நிறங்களுக்கு மெஷின் சொட்டும் சாயம் மிகக் குறைவு. 1 லிட்டர் டப்பாவில் அரைச் சொட்டுப் பிசகினாலும் நிறம் நகரும். 10 லிட்டரில் அது தெரியாது. இரண்டு நிறங்களுக்கும் நடுவே 1.6 அலகுதான் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு தனித்தனிக் கலவைகளுக்கு நடுவே வரும் பிசகே அதில் பாதிக்கு மேல் வந்துவிடலாம். ஆகவே மொத்தத்தையும் ஒரே நாளில் ஒரே கடையில், முடிந்தவரை பெரிய டப்பாவில் வாங்குங்கள்.

எவ்வளவு வேண்டும்? 12 அடிக்கு 14 அடி ஹால், 10 அடி உயரம் என்றால் சுற்றளவு 52 அடி, சுவர்ப் பரப்பு 520 சதுர அடி. 3 அடிக்கு 7 அடி கதவு ஒன்று, 4 அடிக்கு 4 அடி சன்னல் இரண்டு கழித்தால் 467. பிரைமர் அடித்த வழவழப்பான சுவரில் நல்ல எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 110 முதல் 140 சதுர அடி வரும். ஆக நாலேகால் லிட்டர் வரை. 4 லிட்டர் டப்பா ஒன்று, 1 லிட்டர் ஒன்று. இரண்டையும் பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொட வேண்டும். தனித்தனியாக அடித்தால் நாலாவது சுவர் வேறு நிறம்.

அடிக்கும்போது கெடுவது

புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் ஆறவிட வேண்டும். ஈரமும் சுண்ணாம்புக் காரமும் உள்ளே இருக்கும்போது அடித்தால் சில நிறமிகள் வெளுத்து, உப்பு பூத்து, சாம்பல் திட்டுத்திட்டாகும். ஓதம் ஏறும் சுவரில் எந்தச் சாம்பலும் நிலைக்காது. முதலில் நீர்க்கசிவை நிறுத்துங்கள்.

பட்டி பார்த்த சுவரில் பிரைமரைத் தவிர்க்கச் சொல்லும் பெயிண்டர்கள் உண்டு. பட்டி பெயிண்டின் பசையை உறிஞ்சிவிடும், உறிஞ்சிய இடம் வெளிறி நிற்கும். வெள்ளைச் சுவரில் இது மறைந்துவிடும், சாம்பலில் மறையாது. பிரைமர் கட்டாயம்.

பளபளப்பு கூடக்கூட நிறம் அழுத்தமாகத் தெரியும். பட்டியின் மேடுபள்ளமும் சன்னல் பக்கச் சுவரில் தெரிந்துவிடும். இந்த இரண்டு நிறங்களுக்கும் மேட் அல்லது மெல்லிய பளபளப்புதான் சரி. குழந்தைகள் கைவைக்கும் இடத்தில் துடைக்கக்கூடிய மேட் ரகம் பாருங்கள்.

தண்ணீர் கலப்பது டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் போகக் கூடாது. கண் அளவில் ஊற்றி, முதல் நாள் ஒரு திட்டம் மறுநாள் ஒரு திட்டம் என்றால் மூடும் தன்மை மாறி, கோட்டுக்குக் கோட் வித்தியாசம் தெரியும். அளவுக்கோப்பை ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கையால் ஸ்டெயினர் சேர்த்து "இன்னும் கொஞ்சம் இறக்குவோம்" என்பதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். அந்தக் கலவை மறுபடி வராது.

ஒரு சுவரை ஆரம்பித்தால் மூலையிலிருந்து மூலை வரை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். நடுவில் சாப்பிடப் போய்விட்டு வந்து தொடர்ந்தால் காய்ந்த விளிம்பு கோடாக நிற்கும். ஓரங்களைப் பிரஷ்ஷால் அடித்ததும், காய்வதற்குள் ரோலரை அந்த ஓரத்தின் மீது ஓட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சுவரைச் சுற்றி ஃப்ரேம் போட்டதுபோல அழுத்தமான கரை தெரியும்.

வேலை முடிந்ததும் மிச்சத்தில் கால் லிட்டரை வாய் இறுக்கமான கண்ணாடி பாட்டிலில், விளிம்பு வரை நிரப்பி வையுங்கள். உள்ளே காற்று குறைந்தால் பெயிண்ட் ஆடை கட்டாது. டப்பா மேல் மெஷின் ஒட்டிய சீட்டைப் படமெடுத்து, ரகம், பளபளப்பு, ஷேட் எண், பேட்ச் எண், தேதி எல்லாவற்றையும் பாட்டில் மேலும் எழுதுங்கள். முதல் ஒரு வருடத்துக்குள் விழும் கீறலுக்கு அதைச் சிறிய ரோலரால் தொட்டு ஒற்றினால் போதும். அதற்குப் பிறகு சுவர் வெளிச்சத்திலும் புகையிலும் கொஞ்சம் மாறியிருக்கும், ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும். அப்போது அந்த ஒரு சுவரை மட்டும் மூலைக்கு மூலை அடித்துக்கொள்ளுங்கள்.